பெயர் எழுதிய ஓவியங்கள்: சித்தப்ரசாத்தின் வங்கப் பஞ்சம்

பஞ்சத்தை வரைவது சங்கடமான வேலை. சாகக் கிடக்கிற ஒருவர் முன்னால் உட்கார்ந்து, அவருடைய விலா எலும்பின் வளைவைச் சரியாகப் பிடிக்கப் பார்ப்பது இரக்கமா, திருட்டா? சித்தப்ரசாத்தின் (1915–1978) பஞ்ச ஓவியங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருது. அதற்கான பதில் அந்த ஓவியங்களிலேயே இருக்கு என்பது என் கட்சி.

பின்னணி சுருக்கமாக. 1943 வங்கப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் என்பது பலரும் ஏற்கும் கணக்கு. கம்யூனிஸ்ட் கட்சியின் ஓவியராக இருந்த சித்தப்ரசாத் அந்த ஆண்டு நவம்பரில் மிதுனாப்பூர் மாவட்டக் கிராமங்களைச் சுற்றினார். பார்த்ததை எழுதி, வரைந்து 'ஹங்ரி பெங்கால்' என்று ஒரு சிறுநூல் போட்டார். பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்த ஒரு பிரதியை வைத்துத்தான் பல பத்தாண்டுகள் கழித்து மறுபதிப்பு வந்தது.

எரிக்கிற அளவுக்கு அதில் என்ன இருந்தது? வெறும் கறுப்பு மை, தூரிகை. ஆனால் பல படங்களில் வரையப்பட்டவரின் பெயர், ஊர், தொழில் எல்லாம் குறித்திருப்பார். பெயரில்லாத எலும்புக்கூட்டைப் பார்த்தால் 'விதி' என்று சொல்லிவிட்டுப் போயிடலாம். பெயரும் ஊரும் இருந்தால் அது சாட்சியம். 'இவருக்கு யார் இப்படிச் செய்தது?' என்று கேட்டே ஆகணும்.

இதே பஞ்சத்தைக் கல்கத்தாத் தெருக்களில் வரைந்தவர் ஜைனுல் ஆபிதீன். கோட்டின் வலிமையில் அவர்தான் ஒரு படி மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய தாயும் குழந்தையும் காக்கையும் சீக்கிரமே குறியீடாக மாறிடுறாங்க. சித்தப்ரசாத்தின் ஆட்கள் கடைசிவரை ஆட்களாகவே இருக்காங்க.

'இன்றைக்கு மொபைலில் வருகிற நன்கொடை விளம்பரத்திலும் குழந்தையின் பெயர் இருக்கே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயர் மட்டும் போதாது. அந்த விளம்பரத்தில் பெயர், அழுகை, தொகை மூன்றும் இருக்கும். சிகிச்சைக்கு ஏன் அவ்வளவு செலவு, அந்தக் குடும்பம் ஏன் இப்படி நிற்கிறது என்பது இருக்காது. பார்க்கிறவர்தான் கதாநாயகன், பணம் கட்டியதும் கதை முடிஞ்சுது. சித்தப்ரசாத்தோ பசியை மட்டும் தனியாக வெட்டி எடுத்துக் காட்டவில்லை. தொழிலையும் ஊரையும் சேர்த்தே காட்டினார்.

அதற்காகக் கலையால் பணம் திரட்டுவதே தப்பு என்று சொல்ல வரலை. பினய் ராய் தலைமையில் 'வாய்ஸ் ஆஃப் பெங்கால்' குழு பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகப் போய் நிவாரண நிதி திரட்டியதும் இதே பஞ்சத்துக்குத்தான். கஞ்சித்தொட்டிக்கு அரிசி வேணும், அதற்குக் காசு வேணும். இரக்கம், கேள்வி இரண்டும் சேர்ந்தே போகலாம்.

ஒரு குறையையும் சொல்லணும். கட்சி அப்போது போரை ஆதரித்தது, பதுக்கல்காரர்களையே முதன்மையாகச் சாடியது. சித்தப்ரசாத்தின் எழுத்தைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. படங்களுக்கு அந்த எச்சரிக்கை அவ்வளவாகத் தேவைப்படலை.

பின்னாளில் உழைக்கும் சிறுவர்களை லினோகட்டில் செதுக்கினார். 'தேவதைக் கதைகள் இல்லாத தேவதைகள்' என்று பொருள்படும் அந்தத் தொகுப்பை 1969-இல் டென்மார்க்கின் யுனிசெஃப் குழு நூலாக வெளியிட்டது. அவர் அப்போதும் பம்பாய் அந்தேரியில் வறுமையில்தான் இருந்தார்.