படிக்கட்டின் அடியில் ஓர் ஆசிரியர்

அரங்கில் புகழ் பெறுவது ஒரு கலை. தான் பெற்றதைப் பிறருக்கு அளிப்பது வேறொரு கலை. இரண்டும் ஒருவரிடமே அமைவது அரிது. அவ்வாறு அமையப் பெற்றவர்களுள் ஒருவர் வயலின் மேதை ஐசக் ஸ்டெர்ன். இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள கிரெமெனெட்ஸ் நகரில் 1920-இல் பிறந்த அவர், கைக்குழந்தையாகவே அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார், 2001-இல் மறைந்தார். இட்சாக் பெர்ல்மன், யோ-யோ மா போன்றோரை அவர்களது இளமையிலேயே இனங்கண்டு ஊக்குவித்தவர் அவர். பின்னாளில் அவர்களோடு சரிசமமாக ஒரே மேடையில் அமர்ந்து வாசிக்கவும் செய்தார்.

இந்த ஆசிரியரை நமக்குக் காட்டும் படம் ஒன்று உண்டு. அமெரிக்காவும் சீன மக்கள் குடியரசும் 1979 சனவரி முதல் நாள் முறையான அரசுறவை ஏற்படுத்திக் கொண்டன. அவ்வாண்டு ஜூன் திங்களில் ஸ்டெர்ன் சீனா சென்றார். பியானோ கலைஞர் டேவிட் கோலப் உடன் சென்றார். பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் அவர் வாசித்ததையும் மாணவர்களுக்குக் கற்பித்ததையும் இயக்குநர் மர்ரே லெர்னர் படமாக்கினார். ‘மாவோவிலிருந்து மொசார்ட்டுக்கு’ என்னும் பொருள்படும் தலைப்புடன் 1980-இல் வெளிவந்த அப்படம், 1981-இல் சிறந்த முழுநீள ஆவணப்படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. அதைப் போற்றியவர் பலர், நானும் போற்றுகிறேன். எனினும் அது தன் கதைநாயகனைச் சரியாகத் தேர்ந்துகொண்டதா என்னும் ஐயம், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குள் வலுப்பெறுகிறது.

முதலில் படத்தின் சிறப்பைச் சொல்லிவிடுவது முறை. வகுப்பறைக் காட்சிகளே அதன் உயிர். இளம்பெண் ஒருத்தி வயலின் வாசிக்கிறாள். விரல்கள் பிழையின்றி இயங்குகின்றன. சுரங்கள் இடம் தவறவில்லை. ஆயினும் ஏதோ ஒன்று குறைகிறது. ஸ்டெர்ன் அவளைக் கடிந்துகொள்வதில்லை. வில்லைப் பிடிக்கும் முறை பற்றி நீண்ட விளக்கமும் தருவதில்லை. அந்த இசைத் தொடரை வாயால் பாடச் சொல்கிறார். அவள் நாணுகிறாள், பிறகு மெல்லிய குரலில் பாடுகிறாள். பாடியபடியே வாசிக்கச் சொல்கிறார். அதே விரல்கள், அதே வயலின். ஆனால் இப்போது எழும் ஒலி வேறு. கூடியிருந்தோர் மகிழ்ந்து கைதட்டுகின்றனர்.

இக்காட்சியின் பொருள் யாது? கருவி தானாகப் பேசாது. வாசிப்பவரின் உள்ளத்தில் சொல்ல ஒன்று இருந்தால் மட்டுமே பேசும். அந்த ஒன்றை ஆசிரியர் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை. அது அவளிடமே இருந்தது. அதை வெளிப்படுத்தும் துணிவை மட்டுமே அவர் அளித்தார். நல்லாசிரியனின் பணி நிரப்புவதன்று, திறந்துவிடுவது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதலாம். இந்தச் சில நிமிடங்கள் அதை எழுத்தின்றியே உணர்த்திவிடுகின்றன.

இசைக்குழுவோடு அவர் இணையும் காட்சிகளிலும் இதுவே நிகழ்கிறது. லி டெலுன் நடத்தும் பெய்ஜிங் இசைக்குழு மொசார்ட்டின் மூன்றாம் வயலின் கான்செர்ட்டோவை ஒத்திகை பார்க்கிறது. 1775-இல் இயற்றப்பட்ட அப்படைப்பு, பத்தொன்பது வயது இளைஞனின் துள்ளலும் ஒளியும் கொண்டது. தொடக்கத்தில் அது கனத்தே ஒலிக்கிறது. ஸ்டெர்ன் தாமே வாசித்துக் காட்டுகிறார்; உடலசைவால் தாளத்தை உணர்த்துகிறார். மொழி தெரியாத இடத்தில் வயலினே மொழிபெயர்ப்பாளராகிறது. மெல்ல மெல்ல இசையின் சுமை இறங்குகிறது.

இனி, படத்தின் மையமான வினாவுக்கு வருவோம். பத்து வயதையொட்டிய சிறுவர் சிறுமியர் வியக்கத்தக்க முறையில் வாசிப்பதை ஸ்டெர்ன் காண்கிறார். ஆனால் பதினேழு வயதைக் கடந்த மாணவர்களிடம் அந்த மலர்ச்சி இல்லை. மூத்தவர் இளையவரை விஞ்சுவதன்றோ இயல்பு? இங்கே ஏன் மாறி நிற்கிறது?

விடை ஷாங்காய் இசைக் கல்லூரியின் முதிய ஆசிரியர் டான் ஷூஜென் வாயிலாக வருகிறது. 1966 முதல் 1976 வரை நடந்த பண்பாட்டுப் புரட்சியில் மேலை இசை பகைவனின் இசை எனப் பழிக்கப்பட்டது. வயலின் முற்றிலும் வாய்மூடவில்லை. ஆனால் அரசு ஒப்புதல் அளித்த புரட்சிப் படைப்புகளை வாசிக்கவே அதற்கு இசைவிருந்தது. ஆசிரியர்கள் அடித்து இழிவுபடுத்தப்பட்டனர். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. டான் ஷூஜென் படிக்கட்டின் அடியிலுள்ள சன்னலற்ற அறையொன்றில் பதினான்கு மாதங்கள் அடைத்து வைக்கப்பட்டார். அவர் இதைச் சொல்லும்போது குரல் உயர்வதில்லை. பழிவாங்கும் வேட்கை முகத்தில் இல்லை. நடந்ததை நடந்தவாறு சொல்கிறார். படம் முழுவதிலும் வாசிக்கப்படும் எந்த இசையைக் காட்டிலும் அந்த அமைதி நம்மை உலுக்குகிறது.

1979-இல் பதினேழு, இருபது வயதினராக இருந்தவர்கள், கையில் முதன்முதல் வயலினை ஏந்த வேண்டிய பருவத்தில் தங்கள் ஆசிரியர்களை இழந்தவர்கள். அவர்களிடம் திறமை குறைவில்லை. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்திருந்தது. ஒரு தலைமுறை ஆசிரியர்களை அவமதிக்கும் சமுதாயம், அதற்கான விலையை அடுத்த தலைமுறையின் விரல்களிலிருந்தும் குரல்களிலிருந்தும் பெற்றுக்கொள்கிறது. இதனை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு படத்தை நான் கண்டதில்லை.

குறை எங்கே? டான் ஷூஜெனுக்குப் படம் ஒதுக்குவது சில நிமிடங்களே. மலைகளும் ஆறும் உடற்பயிற்சி வீரர்களும் வரும் காட்சிகளுக்கு அது தாராளமாக இடம் தருகிறது. தலைப்போ, ஸ்டெர்னோடுதான் மொசார்ட் சீனாவுக்குள் நுழைந்தார் என்ற எண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. உண்மை வரலாறு அதுவன்று. ஷாங்காய் இசைக் கல்லூரி 1927-இலேயே தொடங்கப்பட்டது. அதே ஆண்டில், அயல்நாட்டவரே நிறைந்திருந்த ஷாங்காய் நகராட்சி இசைக்குழுவில் இடம்பெற்ற முதல் சீனர் இந்த டான் ஷூஜென். மாவோவின் ஆட்சிக்கு முன்னரே மொசார்ட் அங்கே இருந்தார். வெளியிலிருந்து வந்த விருந்தினர் விளக்கைத் தூண்டினார். திரியையும் எண்ணெயையும் இருட்டறையில் காத்தவர்கள் உள்ளூர் ஆசிரியர்கள்.

இதனால் ஸ்டெர்னின் பெருமை குறைவதில்லை. சில வாரப் பயணத்தில் ஒருவரால் செய்யக்கூடியது எதுவோ அதை அவர் நேர்மையாகச் செய்தார். அதோடு கைகழுவிவிடவும் இல்லை. படத்தில் செல்லோ வாசிக்கும் பத்து வயதுச் சிறுவன் ஜியான் வாங்கை நினைவுகூர்வோம். தன்னைவிடப் பெரிதாகத் தோன்றும் கருவியை அணைத்தபடி, கண்களில் முதியவனின் கனிவோடு வாசிக்கும் பிள்ளை அவன். ஸ்டெர்னின் ஊக்கமும் ஆதரவும் பெற்று 1985-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இசை பயிலச் சென்ற அவர், உலகறிந்த செல்லோ கலைஞரானார். ஆனால் இங்கும் ஒன்றை மறந்துவிடலாகாது. அச்சிறுவனுக்குச் செல்லோவைக் கற்றுக்கொடுத்த முதல் ஆசிரியர் அவனுடைய தந்தையே. அவரோ, பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அரசின் புரட்சி இசைநாடகக் குழுவில் செல்லோ வாசித்தவர்.

ஸ்டெர்ன் 1999-இல், இருபது ஆண்டுகள் கழிந்தபின், மீண்டும் சீனா சென்றார். முன்பு சந்தித்த பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து ஆளாகியிருந்தனர். ஒரு மேதைக்கு இதைவிட நிறைவான அறுவடை வேறென்ன இருக்க முடியும்?

இப்படத்தைக் காணும் வாய்ப்புப் பெறுவோர், பாடச் சொல்லும் ஸ்டெர்னைக் கண்டு மகிழட்டும். ஆனால் அந்த முதியவர் பேசும்போது சற்றே நிமிர்ந்து அமர்ந்து கேட்கட்டும். மேடையில் ஒளிரும் ஆசிரியருக்குக் கைதட்டல் உண்டு; படிக்கட்டின் அடியில் பதினான்கு மாதங்கள் கிடந்து, வெளியே வந்ததும் மீண்டும் மாணவனின் கையில் வயலினை எடுத்துக் கொடுத்தவருக்கு அது இல்லை. பாடு என்று ஒருவர் சொன்னதும் பாட அந்த மாணவியிடம் ஒரு குரல் எஞ்சியிருந்ததே, அதைக் காத்துத் தந்தவர்கள் யார் என்று படம் உரக்கக் கேட்கவில்லை. பார்ப்பவர்களாகிய நாம் கேட்போம்.