பின்னோக்கி ஓட்டும் கலை

கிள்ளான் துறைமுகச் சாலையில் நாற்பதடி கொள்கலனோடு டிரெய்லர் போகும்போது எல்லாரும் அதன் நீளத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு அது பின்னால் வருவதைப் பார்க்கத்தான் ஆசை.

அதை ஓட்ட மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. வழங்கும் இ உரிமம் வேண்டும்; சரக்கு ஏற்றிப் பிழைக்க ஜி.டி.எல். உரிமமும் வேண்டும். பயிற்சித் திடலில் புதியவரைத் திணறடிப்பது ரிவர்ஸ்தான். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் வால் இடப்பக்கம் போகிறது. கார் ஓட்டிப் பழகிய கை அதை ஏற்க மறுக்கிறது. வால் வளையத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் திருப்பி, இழுக்கும் முன்வண்டியான தலை வாலைப் பின்தொடரும்படி செய்ய வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் இரண்டும் பேனாக்கத்தி போல மடங்கத் தொடங்கும். அப்போது முன்னே போய் நேராக்குவதே வழி. அதை யாரும் தோல்வியாக நினைக்கக் கூடாது.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். அதனால் வாலை வலப்பக்கம் வளைத்தால் அது ஜன்னல் வழியே தெரியும்; இடப்பக்கம் வளைத்தால் கண்ணாடிதான் கண். சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்க்கிறவரையே நான் நல்ல ஓட்டுநர் என்பேன்.

தலையை டிரெய்லரோடு இணைப்பதிலும் அழகு உண்டு. பூட்டு விழும் சத்தத்தை மட்டும் நம்பாமல், டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி மெல்ல முன்னே இழுத்துப் பார்ப்பார்கள். வண்டி அசையாவிட்டால்தான் டிரெய்லரின் தாங்குகால்களை உயர்த்துவார்கள்.