யோனதாபின் பிள்ளைகளும் எங்கப்பாவின் பறையும்

செஞ்சிக் கோட்டைக்குக் கீழே இருக்கிற எங்கள் சேரியில், சாவுக்குப் பறையடிக்க மாட்டேன் என்று எங்கப்பா சொன்ன அன்று ஊர்த்தெருவிலிருந்து வந்த பதில் ஒன்றுதான்: "உங்க பாட்டன் அடிச்சான், உங்கப்பன் அடிச்சான், நீ மட்டும் இன்னாடா? இது சாமி வுட்ட வழி." அப்பா பறையைக் கிணற்றடியில் போட்டுவிட்டு வந்தார்.

பல வருஷம் கழித்து அதே வாதத்தை ஒரு ஜெபக் கூட்டத்தில் கேட்டேன். பிரசங்கியார் எரேமியா 35ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். ரேகாபியரைப் போல முன்னோர் வழியில் நில்லுங்கள், அதுதான் கடவுளுக்குக் கீழ்ப்படிதல் என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலர் முன்னோர் வழியை விட்டதால்தான் அங்கே வந்தவர்கள். இந்தப் பிரதியை நாம் வேறு மாதிரி வாசிக்க வேண்டியிருக்கிறது.

கதை இதுதான். எரேமியா ரேகாபியரை ஆலய அறைக்குள் கூட்டிப்போய், திராட்சை ரசத்தை வைத்துக் குடிக்கச் சொல்கிறார். மாட்டோம் என்கிறார்கள். குடிக்காதே, வீடு கட்டாதே, விதைக்காதே, கூடாரத்தில் குடியிரு என்று சுமார் 250 வருஷத்துக்கு முன் அவர்கள் மூதாதை யோனதாப் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஒரு மனிதன் சொல்லை இவர்கள் காக்கிறார்கள், என் சொல்லை நீங்கள் கேட்கவில்லையே என்று யூதாவைக் கடவுள் கடிந்துகொள்கிறார்.

பிரசங்கியார் தாண்டிப்போன இடங்கள் மூன்று. ஒன்று, அந்த விரதத்தை ரேகாபியர் தங்கள் மேல்தான் போட்டுக்கொண்டார்கள், அடுத்தவன் தலையில் கட்டவில்லை. இரண்டு, நேபுகாத்நேச்சார் படையோடு வந்தபோது கூடாரத்தை விட்டு எருசலேமுக்குள் குடிவந்தவர்கள் அவர்கள். உயிர் பிழைக்க மரபைத் தளர்த்தினார்கள். கடவுள் கோபிக்கவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம், முந்தைய 34ஆம் அதிகாரம். சிதேக்கியா ராஜா காலத்தில் எருசலேமின் பெரிய மனிதர்கள் அடிமைகளை விடுதலை செய்தார்கள். பிறகு மனம் மாறி, திரும்பப் பிடித்து அடிமையாக்கினார்கள். ஏழாம் வருஷம் அடிமையை விட்டுவிடு என்ற கட்டளையை உங்கள் முன்னோரும் கேட்கவில்லை என்று அங்கே கடவுள் சொல்கிறார். காலப்படி ரேகாபியர் சம்பவம்தான் முந்தியது, யோயாக்கீம் காலத்தது. நூலில் அது அடிமைக் கதைக்குப் பின்னால் இருக்கிறது. சேர்த்து வாசித்தால் கீழ்ப்படியாமை எது என்று தெரியும்: விடுவித்த மனிதனைத் திரும்பக் கட்டிப்போடுவது.

எங்க ஊர்க் கதைக்கும் இந்த வித்தியாசம் தெரியும். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதிச் செத்த தேசிங்குராஜன், போருக்கு முன் சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டான், போகாதே என்று சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டது என்பார்கள். குல மானம்தான் பெரிசு என்று போனான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். முன்னோர் வழக்கம் வேறு, சாமி சொல் வேறு. வழக்கத்துக்கு விலை கொடுத்தவளைத் தெய்வமாக்கிவிட்டு, விலையைக் கதை மறந்துவிட்டது.

இதே விழுப்புரம் மாவட்டத்தில், மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023இல் தலித்துகள் போனபோது அடி விழுந்தது. சொன்ன காரணம், வழக்கம். அந்த ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில்தான், நீதிமன்ற உத்தரவுக்குப் பின், போலீஸ் பாதுகாப்போடு நம்மவர்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். இங்கே யார் முன்னோருக்கு யார் கீழ்ப்படிவது?

அப்படியானால் நமக்கு மரபே வேண்டாமா என்று தோழர்கள் கேட்கலாம். இன்று மேடையில் பறையடிக்கும் மாணவர்களில் என் மகளும் ஒருத்தி. அவள் தானே எடுத்துக்கொண்டாள், யாரும் கட்டளையிடவில்லை. அப்பா உட்கார்ந்து கேட்பார், தொட மாட்டார். "நல்லாத்தான் கீது, அடி. சாவுக்கு எவன் கூப்ட்டாலும் மட்டும் போவாத" என்பார்.