நாலு டிரான்சிஸ்டர் எளிமை

ஜான் லின்ஸ்லி ஹூட் 1969 ஏப்ரல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயரை, வீட்டில் கட்ட எளிமையானது என்று இன்றும் சொல்கிறார்கள். சர்க்யூட் எளிமைதான்: சேனலுக்கு நாலே டிரான்சிஸ்டர். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர். பாட்டே ஓடாட்டியும் சேனலுக்கு 32 வாட் சூடு. கிடைக்கிற ஒலியோ 10 வாட்தான்.

நான் சின்ன ஹீட் சிங்க் போட்டு ஒரு ஜோடி 2என்3055-ஐ எரிச்சேன். தப்பு என்னுது, டிசைன் மேல இல்லை. சிக்கலை சர்க்யூட்டிலிருந்து எடுத்து அலுமினியத்துக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் மாற்றியிருக்கிறார் ஹூட். பதிலுக்கு, மெல்லிய சத்தத்திலும் கிராஸ்ஓவர் சிதைவு கிடையாது. நியாயமான பேரம்தான். ஆனா எளிமைன்னு சொல்றவங்க இந்தச் செலவையும் சேர்த்துச் சொல்லணும். கட்டப் போறீங்களா? முதல்ல ஹீட் சிங்க் வாங்குங்க.