புள்ளி குறையக் குறைய

ஒரு வெக்டர் படத்தின் தரத்தை எடைபோட நிறங்களைப் பார்க்க வேண்டியதில்லை. இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் திறந்து அவுட்லைன் பார்வைக்கு மாற்றினால் போதும். நிறமும் நிழலும் உதிர்ந்து கோடுகள் மட்டும் நிற்கும். ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்ததும் அதைத் தாங்கும் புள்ளிகளான ஆங்கர் பாயிண்ட்கள் தெரியும். வரைந்தவரின் கை எவ்வளவு பழகியது என்பதை அந்தப் புள்ளிகளே சொல்லிவிடும்.

புள்ளி வைத்துக் கோடு வரையும் பென் டூலைப் புதிதாகப் பிடித்தவர் வளைவு நெடுகப் புள்ளி வைப்பார். புள்ளிக்குப் புள்ளி கோடு லேசாக நெளியும். அடுத்த படிக்கு வந்தவர் புள்ளிகளைக் குறைத்து, வேலையை ஹேண்டில்களிடம், அதாவது புள்ளியிலிருந்து நீண்டு வளைவை இழுக்கும் பிடிகளிடம், விடுவார். இந்தக் கலையில் நான் மிகவும் ரசிப்பது இந்த முதிர்ச்சியைத்தான்.

வட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லஸ்ட்ரேட்டர் போடும் வட்டத்தில் நான்கே புள்ளிகள்: மேல், கீழ், இடம், வலம். ஹேண்டிலின் நீளம் ஆரத்தில் ஏறத்தாழ 55 சதவீதம். புள்ளிகளும் ஹேண்டில்களும் தீர்மானிக்கும் இவ்வளைவுகளுக்குப் பெசியர் வளைவுகள் என்று பெயர். கணிதப்படி இவற்றால் துல்லியமான வட்டம் வரையவே முடியாது. ஆனாலும் விலகல் ஆரத்தில் 0.03 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கண்ணுக்கு அது முழு வட்டம்தான்.

இந்தச் சிக்கனம் பிரான்ஸின் கார் நிறுவனங்களில் பிறந்தது. 1959இல் சித்ரோயனில் பால் த காஸ்தெல்ஜோ இவ்வளைவுகளுக்கான கணக்கு முறையைக் கண்டார். நிறுவனம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. 1960களில் ரெனோவில் பியர் பெசியர் தனி வழியில் இதே இடத்துக்கு வந்து, அதை வெளியிட்டார், பெயர் அவருடையதாயிற்று. கார் உடலின் வளைவைச் சில எண்களில் அடக்குவதே இருவரின் தேவை. 1987இல் வெளிவந்த இல்லஸ்ட்ரேட்டர் அந்தக் கணக்கை ஓவியரின் கையில் கொடுத்தது.

நம் ‘உ’வை வரைந்து பாருங்கள். சுழியிலிருந்து எழும் வளைவின் உச்சியில் ஒரு புள்ளி, ஹேண்டில்கள் படுக்கையாக. வலப்பக்கம் அதிகம் துருத்தும் இடத்தில் இன்னொன்று, ஹேண்டில்கள் செங்குத்தாக. அங்கிருந்து இடது கீழ்மூலைக்கு ஒரே வீச்சு. மூலையில்தான் நுட்பம்: உள்ளே வரும் ஹேண்டில் இருக்க வேண்டும், வெளியேறும் ஹேண்டிலைக் கழற்றிவிட வேண்டும். அப்போதுதான் அடிக்கோடு வளையாமல் நேராக ஓடும்.

தடிமன் கொடுத்த கோட்டை (ஸ்ட்ரோக்) ஓரங்கள் கொண்ட வடிவமாக (ஷேப்) மாற்றுவதையும் பழகிய கைகள் கடைசிவரை தள்ளிப்போடும். பெசியர் வளைவுக்கு இணையாக ஓடும் கோடு பொதுவாக இன்னொரு பெசியர் வளைவாக அமையாது. அதனால் தடிமனின் இரு ஓரங்களையும் ஒப்பேற்ற மென்பொருள் தானே கூடுதல் புள்ளிகளைச் சேர்த்துவிடும். படத்தைத் தானாக டிரேஸ் செய்யும்போதும் இப்படித்தான் புள்ளிகள் குவிகின்றன.

புள்ளி குறைந்தால் திருத்துவதும் எளிது. ‘உ’வை இன்னும் அகலமாக்கச் சொன்னால் வலப்பக்கப் புள்ளியை இழுத்தால் போதும், வளைவு முழுவதும் கூடவே வரும். அங்கே நாற்பது புள்ளிகள் இருந்தால் நாற்பதையும் மல்லுக்கட்டி நகர்த்த வேண்டும். ஆகவே கற்பவர்கள் முடித்த படத்தில் ஒவ்வொரு புள்ளியாக அழித்துப் பார்க்கட்டும். மிச்சமுள்ள ஹேண்டில்களை இழுத்தே பழைய வடிவத்தை மீட்க முடிந்தால், அந்தப் புள்ளிக்கு அங்கே வேலையே இல்லை.