நகைப்பெட்டியில் ஒரு துப்பாக்கி

2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை ‘பெண்களுக்கான’ ரிவால்வர் ஒன்றை அறிமுகப்படுத்தியது. பெயர் நிர்பீக். 2012 தில்லி வன்கொடுமையில் உயிரிழந்த பெண்ணுக்கு ஊடகங்கள் வைத்த ‘நிர்பயா’வைப் போல இதற்கும் பொருள் அச்சமற்ற என்பதுதான். அரைக் கிலோ எடை, கைப்பையில் அடங்கும். அப்போது விலை சுமார் 1,22,000 ரூபாய்.

விலையைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். என்னை உறுத்தியது அது வந்த பெட்டி. நகைக்கடையில் தருவார்களே, அதே மாதிரி மெரூன் நிறப் பெட்டி. யாரோ பரிசளிக்க, வாங்கிக்கொள்கிற பெண். இருட்டுத் தெருவில் முன்பின் தெரியாதவன் வருவான், அவள் கைப்பையைத் திறப்பாள். இதுதான் அவர்கள் எழுதிய கதை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வேறு கதை சொல்கின்றன. வல்லுறவு வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம்சாட்டப்பட்டவர் அவளுக்குத் தெரிந்தவர். உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கூடப் படித்தவன். அவர்கள் வந்தால் கைப்பையையா திறக்கிறோம்? காபி போடப் போகிறோம்.

இந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் நகைகளோடு பீரோவுக்குள் போயிருக்கும். பீரோ சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். கல்யாணத்துக்குச் சங்கிலி போட வேண்டுமென்றால் அம்மா முதல் நாளே கேட்டுவைப்பாள்.