கைதி ஒப்படைத்த குழந்தை

அரபியில் ‘ழுல்ம்’ என்னும் சொல்லுக்கு, ஒரு பொருளை அதற்கு உரியதல்லாத இடத்தில் வைத்தல் என்று மொழிவல்லார் பொருள் கூறுவர். குற்றமற்றவன் சிறையிலும் குற்றவாளி பதவியிலும் இருக்கக் கண்டால் நம் நெஞ்சம் பதறுவது, இருவரும் இடம் மாறி நிற்பதால் அன்றோ?

பாரதிராஜா இயக்கி 1985-ல் வெளிவந்த ‘ஒரு கைதியின் டைரி’ இந்தப் பதைப்பின்மேல் எழுப்பப்பட்ட படம். கதை கே. பாக்யராஜுடையது. அரசியல் தலைவன் ஒருவனை நம்பி உழைத்த தொண்டன் டேவிட். அத்தலைவனே அவன் மனைவியைச் சீரழிக்கிறான். அவள் உயிரை மாய்த்துக்கொள்ள, கொலைப்பழி கணவன்மீதே விழுகிறது. மருத்துவரும் காவல் அதிகாரியும் பொய்க்குத் துணைபோகின்றனர். நெடுங்காலம் சிறையிலிருந்து மீளும் டேவிட், மூவரையும் கொல்லப் புறப்படுகிறான். தந்தை, மகன் என இரு வேடங்களையும் ஏற்ற கமல்ஹாசன், தந்தையின் முதுமையை நாம் நம்பும்படி நடித்திருப்பதை மறுப்பதற்கில்லை. தலைவனாக வரும் மலேசியா வாசுதேவனும் மனத்தில் நிற்கிறார்.

ஆயினும் ஒரு வினா நம்மை உறுத்துகிறது. டேவிட் இழந்தவை மனைவி, இளமை, மகன், நற்பெயர். முதலிரண்டும் மீளா. நற்பெயரோ மீளக்கூடியது. அவன் கொலைகாரன் அல்லன் என்பதற்குச் சாட்சி கூறத்தக்கவர்கள் அந்த மூவரே. அவர்களிடம் அவன் கேட்பது உயிரை, வாக்குமூலத்தை அன்று. செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்றவன், செய்த கொலைகளால் அத்தீர்ப்புக்கு உரியவனாகிவிடுகிறான். யூசுப் நபி (அலை) அவர்களோ, அரசரின் அழைப்பு வந்தபோதும், தம்மீதான பழியை முதலில் விசாரிக்கச் சொல்லி, அது நீங்கிய பின்னரே சிறையை விட்டு வெளிவந்தார்கள்.

மகனின் கதை இதனினும் ஆழமானது. சிறை செல்லுமுன் டேவிட் தன் குழந்தையை நண்பன் வேலப்பனிடம் ஒப்படைக்கிறான். பழிவாங்கத்தக்கவனாக வளர்க்கச் சொல்கிறான். ஜனகராஜ் ஏற்ற வேலப்பன் எளியவன். அவனோ அப்பிள்ளையை நேர்மையான காவல் அதிகாரியாக வளர்த்து வைத்திருக்கிறான். குழந்தையை ஆயுதமாக்குவதும் ஒருவகை இடம் மாற்றமே என்பதை அவன் நூல் கற்று அறியவில்லை, உள்ளத்தால் அறிந்தான். பட்டமும் பதவியும் பெற்றோர் பொய்த்த இடத்தில், அமானிதத்தைக் காத்தவன் அவன் ஒருவனே. நம் கருத்தில் படத்தின் உண்மைத் தலைவன் அவன்தான். இயக்குநரோ கொலைகளின் விரகுகளில் நெடுநேரம் நின்று, அவனை விரைந்து கடந்துவிடுகிறார். இதுவே படத்தின் பெருங்குறை.

1986-ல் பாக்யராஜ், அமிதாப் பச்சனைக் கொண்டு இக்கதையை இந்தியில் ‘ஆக்ரி ராஸ்தா’ என்று இயக்கினார். கடைசி வழி என்பது அதன் பொருள். சட்டம் கைவிட்டவனுக்கு வேறு வழி ஏது என்று கேட்போர் உளர். அக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. பொய்வழக்கில் இளமையை இழந்தவனுக்கு அறிவுரை கூறுவது நமக்கு எளிது. ஆனால் இக்கதையில் சட்டம், அவன் பெற்ற மகனாகவே சீருடை அணிந்து அவன் முன் நிற்கிறது. அந்தக் கதவை அவன் ஒருமுறை தட்டியிருக்கலாம். தட்டாததே அவன் துயரம். அத்துயரத்தைக் காட்டாமல், கொலைக்குக் கைதட்ட நம்மைப் பழக்கியதே இத்தகைய படங்கள் நமக்கு இழைத்த அநீதி.